பிள்ளை சாப்பிடவில்லையே! – ஒரு கவலையின் மருத்துவ வரலாறு



எங்கள் கலந்துரையாடல் அங்கத்தில் தொலைபேசி அழைப்புகள் வழக்கமாகக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான் சூடுபிடிக்கும். அன்று, குணப்படுத்த முடியாத நோயோடு வாழும் பிள்ளைகளை எப்படிப் பராமரிப்பது என்பது தலைப்பு. சிறப்பு விருந்தினராக வந்திருந்த மருத்துவரை நான் அறிமுகப்படுத்தி முடிப்பதற்குள்ளேயே முதல் அழைப்பு வந்துவிட்டது.

“தம்பி, என் மகனுக்கு ஒன்பது வயசு. மூணு நாளா ரெண்டு கரண்டிக்கு மேல கஞ்சி இறங்கல. கெஞ்சிப் பாத்துட்டேன், அதட்டியும் பாத்துட்டேன். நேத்து வாயைத் திறந்து ஊத்துனேன், அப்படியே வாந்தி எடுத்துட்டான். நானே என் பிள்ளையைப் பட்டினி போட்டுச் சாகடிக்கிறேனா தம்பி?”

நேரலையில் ஆறு விநாடி மௌனம் என்பது மிக நீண்ட நேரம். என்னிடம் பதில் இல்லை. மருத்துவர்தான் பேசினார். “அம்மா, அவன் சாப்பிடாததால நோய் முத்தல. நோய் முத்துனதால சாப்பிடல. இதுல உங்க தப்பு ஒண்ணுமே இல்ல,” என்றார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். வாயில் வெள்ளை படர்ந்திருக்கிறதா? வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று? வாந்தி எந்த நேரத்தில் வருகிறது?

இவ்வளவு பெரிய துயரத்துக்கு முன்னால் இவ்வளவு சாதாரணக் கேள்விகளா என்று எனக்குள் ஓர் ஆதங்கம். நிகழ்ச்சி முடிந்ததும் கேட்டே விட்டேன். “இந்த மூணு கேள்விக்கும் பின்னால எழுபது எண்பது வருஷ வரலாறு இருக்கு, போய்ப் படிச்சுப் பாருங்க,” என்று சிரித்தார். படித்துப் பார்த்தேன். அதைத்தான் இந்த வார அரங்கத்தில் பேசினேன். நான் மருத்துவன் அல்லன். எந்த மருந்தையும் எவ்வளவு கொடுப்பது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதை உங்கள் மருத்துவரும் தாதியரும்தான் சொல்ல வேண்டும்.

கதை போஸ்டனில் தொடங்குகிறது. 1947ஆம் ஆண்டு வரை இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்துவிடும். அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். மருந்தைத் தயாரித்து அனுப்பிய ஆய்வுக் குழுவின் தலைவர் யெல்லப்ரகடா சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948இல் ஃபார்பரின் கட்டுரை வந்தது. மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அந்த மருந்து பிள்ளைகளின் வாயைப் புண்ணாக்கியது, குடலைப் பதம் பார்த்தது. அதற்குப் பின் வந்த மருந்துகளிலும் பல அப்படித்தான். புற்றுநோய் அணு வேகமாகப் பெருகுவது போலவே, வாயின் உள்தோலும் குடலின் உள்தோலும் வேகமாகப் புதுப்பித்துக்கொள்பவை. எதிரியைச் சுடப் போன குண்டு பக்கத்து வீட்டுக்காரன் மீதும் பாய்ந்த கதைதான்!

1978இல் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டின் அனுமதி பெற்றபோது நிலைமை இன்னும் கடுமையானது. அந்த ஊசி போட்டால் ஒரே நாளில் பத்துத் தடவை வரை வாந்தி. நோய் குணமாக வேண்டுமென்றால் இதைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்பதே அப்போதைய எண்ணம். குணமாகப் போகும் பிள்ளைக்கு அது ஒரு கணக்கு. குணமாக வழியில்லாத பிள்ளைக்கு?

வாந்தியை நிறுத்தும் மருந்துகளின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. நம் வீடுகளில் பேருந்துப் பயணம் என்றாலே அம்மாக்கள் கைப்பையில் எடுத்து வைக்கும் கிரவோல் மாத்திரையை எல்லாரும் அறிவோம். கேமரன் மலைக்கு ஏறுகிறோம் என்றால் எங்கள் வீட்டில் புளியோதரைக்கு முன்னால் அதுதான் பையில் ஏறும். இந்த மருந்தை வாந்திக்காக யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. 1947இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லெஸ்லி கே, பால் கார்லைனர் என்ற இரு மருத்துவர்கள், தோல் அரிப்புக்காக ஒரு புது ஒவ்வாமை மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதை வாங்கிச் சாப்பிட்ட கர்ப்பிணி ஒருவர், “டிராம் வண்டியில் ஏறினாலே எனக்குக் குமட்டும், இந்த மாத்திரை போட்ட நாளில் குமட்டவில்லை,” என்றாராம். அந்த அம்மாள் சொன்னதை அந்த இருவரும் தட்டிக்கழிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஜெனரல் பாலு என்ற படைவீரர் கப்பலில் ஏறி, குளிர்கால அட்லாண்டிக் கடலில் நூற்றுக்கணக்கான வீரர்களிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். மருந்து வேலை செய்தது.

சரி, அப்படியானால் வாந்தி எடுக்கும் எல்லாப் பிள்ளைக்கும் கிரவோல் கொடுத்தால் போதுமா? போதாது. அங்கேதான் மருத்துவரின் கேள்வி வருகிறது. மூளைக்கு ‘வாந்தி எடு’ என்று சொல்லும் பாதைகள் பல. காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு ஒரு பாதை. இரத்தத்தில் கலந்த நச்சுப்பொருள் இன்னொரு பாதை. குடலிலிருந்து மேலே போகும் நரம்பு மற்றொன்று. மண்டைக்குள் அழுத்தம் கூடுவதும், பயமும், பழைய நினைவும்கூட வாந்தி வரவழைக்கும். கீமோ சிகிச்சை அறையின் வாசல் வாசனை பட்டதுமே வாந்தி எடுக்கும் பிள்ளைகள் உண்டு. மூளையில் கட்டி உள்ள பிள்ளைக்குக் காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி வரலாம். அந்தப் பிள்ளைக்கு வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து கைகொடுக்கக்கூடும். ஆக, எப்போது வருகிறது என்று கேட்பதே பாதி வைத்தியம்.

1964இல் பிரான்சிலிருந்து மெட்டோகுளோப்ரமைடு பற்றிய செய்தி வந்தது. வயிறு உணவைக் கீழே தள்ளும் வேகத்தைக் கூட்டும் மருந்து அது. பெரியவர்களுக்கு நன்றாகக் கேட்டது. பிள்ளைகளில் சிலருக்கோ கழுத்து ஒருபக்கம் திருகிக்கொண்டு, கண் மேலே செருகிக்கொள்ளும். பார்க்கும் பெற்றோருக்கு உயிரே போய்விடும். 2013இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் இதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. பிள்ளை என்பது சின்ன உருவத்தில் உள்ள பெரிய மனிதன் அல்ல என்பதை மருத்துவ உலகம் இப்படிப் பல தடவை பாடுபட்டுத்தான் கற்றிருக்கிறது.

உண்மையான திருப்பம் ஒண்டான்செட்ரான். கீமோ மருந்து பட்டதும் குடலின் உள்தோலில் உள்ள சில அணுக்கள் செரோட்டோனின் என்ற பொருளைக் கொட்டுகின்றன, அது நரம்பைத் தூண்டி மூளைக்குச் சேதி அனுப்புகிறது என்பதைக் கண்டுபிடித்து, அந்த வாசலை மட்டும் அடைக்கும்படி செய்த மருந்து. அமெரிக்காவில் 1991இல் அனுமதி பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் புற்றுநோய் வார்டில் வேலை செய்த தாதியரிடம் கேட்டால், வித்தியாசத்தைக் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. இது மலச்சிக்கலைத் தரும். அந்தச் சேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாயைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எதிர்ப்பு சக்தி குறைந்த பிள்ளையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திப்பி போல வெள்ளையாகக் காளான் படரும். எரியும், ருசி தெரியாது, விழுங்கினால் வலிக்கும். பிள்ளை அதைச் சொல்லத் தெரியாமல் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லும். இதற்கு இன்றும் கொடுக்கப்படும் நிஸ்டாட்டின் சொட்டு மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரில் இருந்தார், ரேச்சல் பிரௌன் ஆல்பனியில் இருந்தார். மண் மாதிரிகளையும் சாறுகளையும் தபாலில் அனுப்பி அனுப்பியே ஆராய்ச்சி செய்து, 1950இல் முடிவை அறிவித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரிலிருந்தே மருந்துக்குப் பெயர். அதில் கிடைத்த பல மில்லியன் டாலரையும் சொந்தத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். வாயைப் பார்க்காமல் ‘பசியில்லை’ என்று எழுதிவிடக்கூடாது என்றார் நம் மருத்துவர். ஒரு சொட்டு மருந்தில் தீரக்கூடிய காரியத்துக்காகப் பிள்ளை நாள்கணக்கில் அவதிப்பட்டிருக்கலாம்.

இனி, நாம் பேசக் கூச்சப்படும் விஷயம். வெளிக்குப் போவது.

இதைச் சொல்ல லண்டனுக்குப் போக வேண்டும். சிசிலி சாண்டர்ஸ் முதலில் தாதி, பிறகு சமூக நல ஊழியர், கடைசியில் மருத்துவர். 1958இலிருந்து ஹேக்னியில் உள்ள செயின்ட் ஜோசப் இல்லத்தில் இறுதிக்கட்ட நோயாளிகளைப் பார்த்தார். 1967இல் செயின்ட் கிறிஸ்டஃபர் இல்லத்தைத் தொடங்கினார். வலி வந்து நோயாளி கதறிய பின் மார்ஃபின் கொடுப்பது முறையல்ல, வலி தலைதூக்கும் முன்பே மணிக்கணக்குப்படி வாய்வழியாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் நிலைநாட்டிய வழி. அதற்கு முன் இங்கிலாந்தில் புழங்கியது பிராம்ப்டன் கலவை. மார்ஃபின் அல்லது ஹெராயின், அதோடு கொக்கெய்ன், சாராயம், இனிப்புப் பாகு! 1970களில் இதே இல்லத்தில் ராபர்ட் ட்வைகிராஸ் செய்த ஆய்வுகள், வெறும் மார்ஃபின் கரைசலே போதும் என்று காட்டின. பிள்ளைகளுக்குச் சர்பத் போலக் கொடுக்கக்கூடிய எளிய மருந்தாக அது மாறியதற்கு இந்த ஆய்வுகளும் ஒரு காரணம்.

வலி போனது. ஆனால் மார்ஃபின் குடலையும் தூங்க வைத்துவிடும். குடல் அசைவு குறையும், மலத்திலுள்ள நீர் வற்றும், கல்லாக இறுகும். தூக்கக் கலக்கம், குமட்டல் எல்லாம் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகுவதில்லை. மருந்து இருக்கும் வரை அதுவும் இருக்கும். வயிறு நிறைந்து கிடக்கும் பிள்ளைக்குப் பசி எப்படி வரும்? மேலே குமட்டும், கீழே நோகும். ஒண்டான்செட்ரானும் சேர்ந்தால் இன்னும் மோசம். சில சமயம் இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு நீராகக் கசியும். பெற்றோர் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடுவார்கள். நிலைமை தலைகீழாகப் போய்விடும். அதனால்தான் மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியையும் தொடங்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எழுதாத சட்டமாகி, பிறகு எழுதிய சட்டமும் ஆனது.

அந்த மலமிளக்கி எது தெரியுமா? அதில் முக்கியமான ஒன்று நம் திருநெல்வேலிச் சரக்கு! நிலாவரை, நிலவாகை என்று சித்த வைத்தியத்தில் சொல்வார்களே, அதே இலை. அரபு நாட்டுப் பக்கம் இருந்து வந்த செடி. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையின் வறண்ட நிலத்தில் பயிரிடப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியது. ‘டின்னவெல்லி சென்னா’ என்ற பெயரிலேயே ஆங்கிலேயரின் மருந்து நூல்களில் இடம்பெற்றது. 1950களில் இலையின் சத்தை ஒரே அளவாக்கி மாத்திரையாகவும் பாகாகவும் செய்தார்கள். லண்டனில் மார்ஃபின் பெற்ற நோயாளிக்குத் துணையாகப் போனது நம் கரிசல்காட்டு இலை என்று அரங்கில் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் உரக்கக் கைதட்டினார். “எங்க தோட்டத்துல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பாட்டி விளக்கெண்ணெய் ஊத்தும், அன்னிக்கு யாரும் விளையாடப் போக முடியாது,” என்று அவர் சொல்லவும் அரங்கமே சிரித்தது. இந்தத் தலைப்பில் சிரிப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

லாக்டுலோஸ் பாகு 1950களின் பிற்பகுதியில் ஆஸ்திரிய மருத்துவர்களின் ஆய்விலிருந்து வந்தது. இன்னொன்றின் பிறப்பு ஒரு நட்பில் இருக்கிறது. 1979இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லியோன் கோல்ட்பர்க் என்ற மருந்தியல் அறிஞர், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த நண்பர் மலச்சிக்கலுக்குப் பயந்து மார்ஃபினே வேண்டாம் என்று வலியோடு கிடப்பதைப் பார்த்தார். மூளைக்குள் நுழையாமல் குடலில் மட்டும் மார்ஃபினைத் தடுக்கும் ஒரு மருந்தைத் தேடத் தொடங்கினார். மெத்தில்நால்ட்ரெக்ஸோன் என்ற அந்த ஊசி அனுமதி பெற்றது 2008இல். நண்பருக்கு அது எட்டவில்லை. கோல்ட்பர்க்கும் அதற்குள் காலமாகிவிட்டார்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி பெரியவர்களுக்காகச் செய்தது, பிள்ளைகளுக்குப் பிறகு வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கென்றே ஓர் இல்லம் பிறந்தது ஆக்ஸ்ஃபர்டில். 1978இல் மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்ட ஹெலன் என்ற சிறுமியின் பெற்றோருக்கு, தாதிப் பயிற்சி பெற்ற கன்னியாஸ்திரி ஃபிரான்சிஸ் டொமினிகா தோழியானார். அவ்வப்போது பிள்ளையைத் தாம் பார்த்துக்கொண்டு, அந்தத் தாய் தந்தைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தார். அந்த அனுபவத்திலிருந்து 1982 நவம்பரில் ஹெலன் இல்லம் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்கான முதல் இல்லம் என்று உலகம் சொல்வது அதைத்தான். அங்கு வந்த பிள்ளைகள் பலருக்குப் புற்றுநோயே இல்லை. நரம்புச் சிதைவு, பிறவிக் குறைபாடு, ஆண்டுக்கணக்கில் தொடரும் நோய்கள். விழுங்க முடியாது, விழுங்கினால் நெஞ்சுக்குப் போகும், உண்டது எதுக்களிக்கும். ஒரு வேளை உணவு ஊட்ட ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

அத்தகைய பிள்ளைகளுக்கு வயிற்றில் குழாய் வைக்க, முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து அறுவை செய்ய வேண்டும். 1979 ஜூன் மாதம், கிளீவ்லாந்து நகரில், ஐந்து மாதம்கூட நிரம்பாத ஒரு குழந்தைக்கு மைக்கேல் கௌடரர், ஜெஃப்ரி பொன்ஸ்கி இருவரும் வாய்வழியாக உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி, வெளியே ஒரு சிறு துளையிட்டு, குழாயைப் பொருத்தினார்கள். இன்று முதியோர் பலருக்கும் செய்யப்படும் அந்த முறை முதலில் ஒரு கைக்குழந்தைக்காகப் பிறந்தது. மருந்தைத் தோலுக்கடியில் மெதுவாகச் செலுத்தும் கையடக்க ஊசிக் கருவியின் கதையும் இதே போலத்தான். மார்ட்டின் ரைட் அதை வடிவமைத்தது தலசீமியா நோயாளிகளுக்காக. நம் நாட்டில் தலசீமியா பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்தக் கருவி நன்றாகத் தெரியும். 1979இலிருந்து அது இறுதிக்கட்டப் பராமரிப்புக்கும் வந்தது. வாந்தியால் ஒரு மாத்திரைகூட நிற்காத பிள்ளைக்கு, வீட்டிலேயே வலி மருந்தும் வாந்தி மருந்தும் நாள் முழுக்கப் போய்ச் சேர வழி பிறந்தது.

இனி அந்தத் தாயின் கேள்வி. வாயும் சுத்தம், வயிறும் போயிற்று, வாந்தியும் நின்றது. அப்படியும் பசிக்கவில்லை. ஏன்?

பசியைத் தூண்டும் மருந்துகள் இல்லாமல் இல்லை. 1962இல் ஆஸ்துமா பிள்ளைகளுக்குச் சைப்ரோஹெப்டடீன் என்ற ஒவ்வாமை மருந்தைக் கொடுத்தவர்கள், அவர்கள் அதிகம் சாப்பிட்டு எடை போடுவதைக் கவனித்தார்கள். மெஜெஸ்ட்ரால் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்திலும் இதே போலத்தான் நடந்தது. ஸ்டீராய்டு சில நாளைக்குப் பசியைக் கிளப்பும், பிறகு முகம் ஊதும், மனநிலை மாறும். ஆனால் நோய் முற்றிய உடம்பு மெலிவது வெறும் பட்டினியால் அல்ல என்பது 1985இல் தெளிவானது. உடம்பை உருக்கும் ‘கேச்செக்டின்’ என்று தேடப்பட்டதும், கட்டிகளை அழிப்பதாக வேறு ஆய்வாளர்கள் கண்ட பொருளும் ஒன்றே என்று அந்த ஆண்டு தெரிந்தது. நோயோடு போராடும் உடம்பே சுரக்கும் பொருள் அது. அதுவும் அதன் கூட்டாளிகளும் பசியை அணைத்து, தசையைக் கரைக்கின்றன. அந்த நிலையில் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பு அதைத் தசையாக்கிக்கொள்வதில்லை.

1994இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு. இறுதிக்கட்டத்தில் இருந்த, நினைவு தெளிவான 32 பேர். பெரியவர்கள், பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். வற்புறுத்தாமல், கேட்டதை மட்டும் கொடுத்தார்கள். 20 பேருக்குப் பசியே தெரியவில்லை. 11 பேருக்குத் தொடக்கத்தில் மட்டும் பசித்தது. வாய் வறட்சிக்குக் கொஞ்சம் நீர், ஐஸ் துண்டு, உதட்டுக்கு ஈரம் போதுமாக இருந்தது. பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் ‘பட்டினி’ என்று நாம் நினைப்பதை நோயாளி அப்படி உணர்வதில்லை என்பதை இது காட்டியது.

நம் சமூகத்தில் இதை ஏற்பது எளிதல்ல. வாசலில் கால் வைத்ததும் ‘சாப்பிட்டாச்சா’ என்றுதானே கேட்கிறோம்? பார்க்க வரும் சொந்தக்காரர்கள், ‘என்னம்மா, பிள்ளைக்கு எதுவும் குடுக்கலையா, இப்படி எலும்பா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சொல் அந்தத் தாயைத் தூங்க விடாது. இதற்கு மருந்து எந்த மருந்தகத்திலும் இல்லை. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 1998இல் பிள்ளைகளின் புற்றுநோய் வலிக்கும் தணிப்புப் பராமரிப்புக்கும் தனி நூல் வெளியிட்டது. சிங்கப்பூரில் 1989இல் தொடங்கிய எச்சிஏ அமைப்பு, 2012இல் ஸ்டார் பால்ஸ் என்ற பெயரில் பிள்ளைகளுக்கான வீட்டுச் சேவையை ஆரம்பித்தது. இங்கே 1991இல் ஹோஸ்பிஸ் மலேசியா பிறந்தது. வீட்டுக்கே வந்து பார்க்கும் தாதியர் இருக்கிறார்கள் என்பதே நம்மில் பலருக்குத் தெரியவில்லை. அன்று தொலைபேசியில் அழைத்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. மருத்துவர் நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடம் தனியாகப் பேசி ஏற்பாடு செய்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா எங்கள் அலுவலகத்துக்கு அழைத்தார். மகனுக்கு வெளிக்குப் போய் ஏழு நாளாகியிருந்ததாம். வாயிலும் வெள்ளை இருந்ததாம். தாதி வந்து இரண்டுக்கும் மருந்து கொடுத்து, கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, ‘அவன் என்ன கேக்குறானோ அதை, அவன் கேக்குறப்ப, சின்னக் கிண்ணத்துல குடுங்க’ என்று சொல்லியிருக்கிறார்.

“என்ன கேட்டான்மா?” என்றேன்.

“ஐஸ் கச்சாங் கேட்டான் தம்பி. அவங்க அப்பா போய் வாங்கிட்டு வந்தாரு. மூணு கரண்டி சாப்பிட்டான். வாந்தி எடுக்கல. மிச்சத்தை, ‘நீ சாப்பிடும்மா’ன்னு எனக்கு ஊட்டிவிட்டான்.”